எதையும் எடுக்காத ரொட்டி

முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. இந்த விவகாரத்துல லாபம்னு பாத்தா அது எனக்கு மட்டுந்தான். புதுப்பட்டினம் பஜார்ல 'சகுந்தலா டைப்பிங் அண்டு ஜெராக்ஸ்'னு ஒரு போர்டு பாத்திருப்பீங்க. அந்த சகுந்தலா நான்தான். எதைக் குடுத்தாலும் மூணு காப்பி கேக்கற ஆபீசுங்க இந்த நாட்டுல இருக்கற வரைக்கும் எனக்கு ஒரு குறையும் வராது.

என் கடைக்கு வலது பக்கம் ஜெகதீசனோட பேக்கரி. பேக்கரின்னதும் கண்ணாடி அலமாரி, க்ரீம் ரோஜாப்பூ வெச்ச கேக்குன்னு நெனைச்சிக்காதீங்க. ஒரே ஒரு அடுப்பு, ஒரே ஒரு ரொட்டி, அவ்ளோதான். திருக்கழுக்குன்றம் பக்கம் நெல்லு வெளைய வெக்கிற குடும்பம் அவனுது. மெட்ராஸ்ல ஒரு பேக்கரியில பத்து வருஷம் மாவு பெசஞ்சிட்டு, தொண்ணூத்தி மூணுல இங்க வந்து, செங்கல்லும் களிமண்ணும் வெச்சி வளைவா ஒரு அடுப்பு கட்டுனான். சவுக்குக் கட்டை போட்டு அன்னிக்கு மூட்டுனதுதான். ஒம்பது வருஷமா அது முழுசா ஆறுனதே இல்ல. ஆறிப்போச்சின்னா வளைவுல விரிசல் வுட்டுடும், மறுபடி மூட்டுனா மொத்தமா உக்காந்துரும்னு சொல்லுவான். பொங்கலுக்கு ஊருக்குப் போனாக்கூட ஆள் வெச்சி ரெண்டு கட்டை போடச் சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுவான். அவன் பொண்டாட்டி சுஜாதா எங்கிட்ட வந்து, "யக்கா, அந்த அடுப்பையே கட்டிக்கினு இருந்திருக்கலாம் இந்தாளு"ன்னு பொலம்பும்.

அவன் ரொட்டி இன்னா ரொட்டின்னா, முழு கோதுமை ரொட்டி. கோதுமையை மில்லுல குடுத்து அரைப்பான், சலிக்க மாட்டான், அப்படியே பெசஞ்சி சுடுவான். பழுப்பா, கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும். ரெண்டு துண்டு தின்னா மத்தியானம் வரைக்கும் வயிறு கேக்காது. கல்பாக்கம் டவுன்ஷிப்புல இருக்கற சக்கரை வியாதிக்காரங்க முக்காவாசிப் பேரு அவன்கிட்டதான் வாங்குவாங்க, சக்கரைக்கு வைத்தியம் பாக்கற டாக்டரம்மாவே அனுப்பி வெக்கும். மாமல்லபுரத்துல வெள்ளக்காரங்க தங்கற ஓட்டல்காரங்களும் காலையில வந்து அள்ளிக்கினு போவாங்க. நம்ம ஜனங்கதான் "இன்னாப்பா இது, அழுக்கா கீது"ன்னு மூஞ்சிய சுளிச்சிட்டு வெள்ளை ரொட்டி வாங்கப் போவாங்க.

ரெண்டாயிரத்து ரெண்டு, ஆடி மாசம். ஜெகதீசன் கையெல்லாம் மாவோட வந்து ஒரு கவரை நீட்டுனான்.

"யக்கா, இன்னா போட்டுக்கீறான் பாரு. எனக்குப் படிக்கச் சொல்லவே தல சுத்துது."

அனுப்பினவங்க, 'மாவு செறிவூட்டல் மற்றும் ரொட்டித் தர மேம்பாட்டு வாரியம், செங்கல்பட்டு வட்டார அலுவலகம்'. அப்படி ஒரு வாரியம் இருக்கறது எங்களுக்குத் தெரியாது. எங்களை விடுங்க, அந்த ஆபீசு மாடிப்படிக்குக் கீழயே டீக்கடை வெச்சிருந்த ஆளுக்கே தெரியாது. நாங்க போயி வழி கேட்டப்பதான் அந்தாளுக்கே தெரிஞ்சிது.

கடுதாசியில இருந்தது இதுதான்: இனிமே விக்கிற ரொட்டி எல்லாம் செறிவூட்டப்பட்ட மாவுல செஞ்சதா இருக்கணும். அதுக்கு வாரியத்துகிட்ட சான்று வாங்கணும். முப்பது நாளைக்குள்ள படிவத்தை மூணு காப்பி குடுக்கணும். தவறினா அடுப்புக்கு சீல்.

"சீலுன்னா?"

"பூட்டிடுவாங்க."

"எத்தினி நாளிக்கு?"

"அவங்களா தெறக்கற வரைக்கும்."

அவன் திரும்பி அடுப்பு இருக்கற பக்கம் பாத்தான். "அணைஞ்சிடுமே யக்கா"ன்னான். ரொட்டி போச்சேன்னு சொல்லல, பொழப்பு போச்சேன்னு சொல்லல. அடுப்பு அணைஞ்சிடுமேன்னுதான் சொன்னான்.

படிவத்துல பதினாலு கட்டம். பேரு, அப்பா பேரு, அடுப்போட நீளம் அகலம் வரைக்கும் சுலபமா முடிஞ்சிது. ஏழாவது கட்டத்துல நின்னுச்சி. 'மாவிலிருந்து நீக்கப்பட்டவை'. எட்டாவது கட்டம், 'மாவில் சேர்க்கப்பட்டவை'.

"இன்னாப்பா எடுத்த?"

"ஒன்னும் எடுக்கலயே."

"இன்னா போட்ட?"

"உப்பு, ஈஸ்ட்டு, தண்ணி. அது ரொட்டிக்கு. மாவுல ஒன்னும் போடல."

ரெண்டு கட்டத்துலயும் 'ஏதுமில்லை'ன்னு அடிச்சேன். இருவது வருஷமா டைப் அடிக்கறேன், என் கையால அவ்ளோ பெரிய தப்பு பண்ணதே இல்லைன்னு அப்ப எனக்குத் தெரியாது.

கடையை மூடிட்டு நானும் அவன்கூட போனேன். தனியா வுட்டா அந்தாளு ஆபீசருகிட்ட அடுப்பைப் பத்தியே பேசிக்கினு இருப்பான். திருக்கழுக்குன்றம் வழியா போற பஸ்ல நின்னுகினே செங்கல்பட்டு. ஸ்டேஷனுக்குப் பின்னால மாடியில ஆபீசு, ஜன்னல்ல கொளவாய் ஏரி தெரிஞ்சிது. உள்ள வாசுதேவன் சார். தர மேம்பாட்டு அலுவலர். பேசறதே சர்க்குலர் படிக்கற மாதிரிதான் இருக்கும். மேசைமேல பொட்டலத்துல நாலு துண்டு வெள்ளை ரொட்டி, சக்கரை போடாத காப்பி. மேசைக்கடியில வலது காலை ஷூவுலேர்ந்து வெளிய எடுத்து ஒரு முக்காலி மேல வெச்சிருந்தாரு. பியூன் ஏசுபாதம் ஒரு மாத்திரையும் தண்ணியும் கொண்டாந்து வெச்சிட்டுப் போனாரு.

படிவத்தைப் பாத்தாரு. ஏழாவது கட்டத்துல வெரல வெச்சாரு.

"இது காலியாக இருக்கிறதே."

"காலி இல்ல சார். ஏதுமில்லைன்னு போட்டுக்கீது"ன்னான் ஜெகதீசன்.

"ஏதுமில்லை என்பதும் காலிதான். மிஸ்டர் ஜெகதீசன், செறிவூட்டல் என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. கோதுமையில் மூன்று பாகம். மேலே தவிடு, உள்ளே முளை, மற்றது வெண்மாவு. நாரும் இரும்பும் வைட்டமின்களும் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கின்றன. ஆகவே முதலில் அவற்றை நீக்குகிறோம்."

"ஏன் சார்?"

"மாவு வெண்மையாக இருக்கும். பல நாள் கெடாது. ஆனால் சத்து போய்விடுகிறது. மக்களின் ஆரோக்கியம் முக்கியம் அல்லவா? எனவே சத்துகளைச் சேர்க்கிறோம். அதுதான் செறிவூட்டல்."

"எடுக்கறது எத்தினி சத்து சார்?"

"இருபது இருக்கும்."

"திருப்பிப் போடறது?"

"நான்கு."

"மீதி?"

வாசுதேவன் சார் படிவத்தை மேலருந்து கீழ வரைக்கும் ஒருதரம் பாத்தாரு. "மீதிக்குக் கட்டம் இல்லை"ன்னாரு.

நான் வாயை வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டேன். "அப்ப அந்தத் தவிடெல்லாம் எங்க சார் போவுது?"

"வீணாவதில்லை அம்மா. மாட்டுக்குப் போகிறது. என் வீட்டிலேயே இரண்டு மாடுகள் இருக்கின்றன. ஒரு நாள்கூட உடம்புக்கு முடியாமல் படுத்ததில்லை." சொல்லிட்டு மாத்திரையை வாயில போட்டுக்கினாரு.

ஜெகதீசன் விடல. "சார், என் மாவுலேர்ந்து எதையுமே எடுக்கலயே. எல்லாம் உள்ளதான் கீது."

"அதுதான் உங்கள் பிரச்சினை. எதுவும் குறையாத மாவில் நாங்கள் எதைச் சேர்ப்பது? ஒரு மனிதர் கீழே விழாமல் அவரைத் தூக்கிவிட முடியுமா? முதலில் விழ வேண்டும். அப்புறம்தான் வாரியம்."

படிவம் திரும்பி வந்துச்சி. மேல செவப்பு மையில, 'கட்டம் ஏழில் தகவல் மறைக்கப்பட்டுள்ளது.'

இருவத்தி அஞ்சு நாள் பாக்கி. அதுக்கப்புறம் வந்த கடுதாசியெல்லாம் என் ஃபைல்ல இன்னும் இருக்கு, வேணும்னா வந்து பாருங்க. எதையும் எடுக்கலைன்னா, எடுக்கலைங்கறதுக்கு அத்தாட்சி வேணும்னு கேட்டாங்க. யாரு குடுப்பாங்க அதை? வி.ஏ.ஓ. கிட்ட போனோம். "நான் நெலத்துக்குச் சான்று குடுப்பேன், சாதிக்குக் குடுப்பேன். ஒருத்தன் செய்யாததுக்கு எப்பிடிய்யா குடுக்கறது?"ன்னு தலையைச் சொறிஞ்சாரு. அப்புறம் பாவம், நல்ல மனுஷன், 'மேற்படியார் மாவிலிருந்து எதையும் நீக்கியதாக இக்கிராமத்தில் பேச்சில்லை'ன்னு எழுதி சீல் குத்திக் குடுத்தாரு. வாரியம் அதைத் திருப்பி அனுப்பிச்சி. பேச்சு இல்லாதது, நீக்கம் ரகசியமா நடந்திருக்கறதைக் காட்டுதாம்.

ரொட்டியைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னாங்க. அனுப்புனோம். பத்து நாள் கழிச்சி ரிப்போர்ட்டு. 'நிறம்: பழுப்பு. சத்து: உள்ளது. சத்து வந்த வழி: தெரியவில்லை. மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

"கோதுமையிலேர்ந்து வந்துச்சின்னு எழுது யக்கா"ன்னான் ஜெகதீசன். எழுதுனேன். பதில் வந்துச்சி. 'அங்கீகரிக்கப்பட்ட சத்து வழங்குநர்களின் பட்டியலில் கோதுமை இல்லை.'

அன்னிக்கு நான் வாய் வுட்டுத் திட்டுன திட்டு சதுரங்கப்பட்டினம் கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். ஜெகதீசன் சிரிக்கல. நேரா உள்ள போயி அடுப்புக்கு ரெண்டு கட்டை அதிகமா போட்டான். பேஜாரா இருக்கச் சொல்ல அவன் அப்படித்தான் செய்வான்.

அப்புறம் மாமல்லபுரத்துல கருத்தரங்கு. 'ஆரோக்கியமான ரொட்டியைத் தேர்ந்தெடுப்போம்'னு பேனரு. வரலைன்னா படிவம் தள்ளுபடின்னு போட்டிருந்ததால பேக்கரிக்காரங்க பூரா போயாச்சி. நான் ஜெகதீசனுக்கு எழுத்து வேலை பாக்கறவள்னு சொல்லி உள்ள பூந்துட்டேன். கடலைப் பாத்தாப்புல ஏசி ஹாலு. மேடையில தாம்பாளத்துல நாலு ரொட்டி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாலை. குத்துவிளக்கு ஏத்துனாங்க. அப்புறம் எல்லாரும் எழுந்து நின்னு, வலது கையை நீட்டி, உறுதிமொழி.

"நீக்குவோம்!"ன்னாரு வாசுதேவன் சார்.

"நீக்குவோம்!"

"சேர்ப்போம்!"

"சேர்ப்போம்!"

ஜெகதீசன் 'சேர்ப்போ'முக்கு மட்டும் கையை நீட்டுனான். ஏசுபாதம் அதைக் குறிச்சிக்கிட்டாரு.

பேச்சுல வாசுதேவன் சார் மாலை போட்ட ரொட்டியில ஒண்ணை எடுத்துக் காட்டுனாரு. அது பேப்பர் சுத்தி கடையில விக்கிற பிரவுன் ரொட்டி. "இந்தப் பழுப்பு நிறத்தைப் பாருங்கள். மக்கள் பழுப்பை விரும்புகிறார்கள். நிறுவனம் அந்த விருப்பத்தை மதித்து, சர்க்கரையைக் கருக்கிச் சேர்த்து இந்த நிறத்தைக் கொண்டு வந்திருக்கிறது. சேர்த்ததால் இதுவும் செறிவூட்டலே."

பொதுமக்கள் வரிசையிலேர்ந்து ஒரு குரல். சாரதாம்பாள் டீச்சர். டவுன்ஷிப் ஸ்கூல்ல கணக்கு சொல்லிக் குடுத்து ரிட்டயரானவங்க, பாஞ்சி வருஷமா சக்கரை, ஒம்பது வருஷமா ஜெகதீசன் ரொட்டி. "மன்னிக்கணும். அந்த உறையில என்னென்ன சேர்ந்திருக்குன்னு போட்டிருக்கே, அதுல முதல்ல இருக்கற பேரை மட்டும் படிங்கோ."

வாசுதேவன் சார் கண்ணாடியைத் தூக்கிப் படிச்சாரு. "மைதா."

"எது அதிகமோ அதுதான் முதல்ல வரும். முதல்ல மைதான்னா அது மைதா ரொட்டி. கறுப்புச் சாயம் பூசினாலும் மைதாதான். முதல்ல முழு கோதுமைன்னு இருந்தா வாங்கணும், இல்லேன்னா வெச்சுட்டு வந்துடணும். இதைச் சொல்றதுக்கு விளக்கு எதுக்கு?"

"அம்மையாரின் கருத்து பதிவு செய்யப்பட்டது"ன்னுட்டு வாசுதேவன் சார் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டாரு.

சாப்பாட்டு ஹாலுல ஒரு கூத்து. அந்த ஓட்டல்ல வெள்ளக்காரங்களுக்கு வெச்சிருந்த கூடையில இருந்தது ஜெகதீசனோட ரொட்டி. மேடையில வெள்ளை ரொட்டிக்கு மாலை போட்டவரு, நொண்டிக்கினே போயி அந்தக் கூடையிலதான் கையை வெச்சாரு. ரெண்டு துண்டு தின்னாரு. மூணாவதையும் எடுத்தாரு.

"இது மிக நன்றாக இருக்கிறதே. எந்த ஊர் ரொட்டி?"

"ஃபாரினர்ஸ் ரொட்டி சார்"ன்னான் பரிமாறுனவன்.

"அதுதானே பார்த்தேன்"ன்னாரு. ஜெகதீசன் வாயைத் தெறந்தான். நான் அவன் காலை மிதிச்சேன்.

இருவத்தி ஒம்பதாம் நாள். மறுநாள் காலையில சீல் வெக்க வராங்கன்னு தாக்கீது வந்துடுச்சி. ஜெகதீசன் அடுப்பு வாயில உக்காந்துகினு இருந்தான். பக்கத்துல ஒரு மைதா மூட்டை.

"இன்னாடா இது?"

"வாங்கிக்கினு வந்துட்டேன் யக்கா. வெள்ளை ரொட்டியே போட்டுடறேன். அடுப்பாவது எரியும்." மூட்டையை அடுப்புகிட்ட இழுத்துப் போட்டான். "டீச்சரு, அந்த டாக்டரம்மா அனுப்பற ஜனம், அவுங்களுக்கெல்லாம் இன்னா சொல்றதுன்னுதான் தெரியல."

எனக்கு வந்துச்சே கோவம். அவன்மேலயா, வாரியத்துமேலயா, எனக்கே தெரியல. "யோவ், அவங்களுக்கு இன்னாய்யா வேணும்? எடுக்கணும், அப்புறம் சேக்கணும், அவ்ளோதானே? எடு! அப்புறம் சேரு!"

"எதை எடுக்கறது?"

"தவிட்டை எடு."

"எதைச் சேக்கறது?"

"அதே தவிட்டைச் சேருய்யா!"

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். ஒம்பது வருஷத்துல முதல் தடவையா ஜெகதீசன் சல்லடை தேடிக்கினு எங்க வூட்டுக்கு வந்தான்.

காலையில ஜீப்பு வந்துச்சி. வாசுதேவன் சார், ஏசுபாதம், நூல்கண்டு, அரக்கு. பஜாரே கூடிடுச்சி. ஜெகதீசன் குளிச்சி, நெத்தியில விபூதி பூசி நின்னான். மேசைமேல மாவைக் கொட்டி சலிச்சான். கீழ வெள்ளையா மாவு, சல்லடையில தவிடு. தவிட்டை ஒரு மொறத்துல கொட்டி, மொறத்தை எடுத்து வலது பக்கம் வெச்சான்.

"நீக்கிட்டேன் சார்."

வாசுதேவன் சார் குனிஞ்சி மொறத்தைப் பாத்தாரு, மோந்து பாத்தாரு. அவரு முகத்துல அப்படி ஒரு நிம்மதி. "கட்டம் ஏழு?"

"தவிடு, முளை"ன்னு வாசிச்சேன். கையெழுத்து போட்டாரு. ஏசுபாதம் சீல் குத்துனாரு.

ஜெகதீசன் மொறத்தைத் தூக்கி மாவுமேல கவுத்தான். கையால கலந்தான்.

"சேத்துட்டேன் சார்."

"கட்டம் எட்டு?"

"தவிடு, முளை."

வாசுதேவன் சார் பையிலேர்ந்து விதிமுறைப் புத்தகத்தை எடுத்தாரு. முன்னாடி புரட்டுனாரு, பின்னாடி புரட்டுனாரு. ஜெகதீசன் அடுப்பையே பாத்துக்கினு நின்னான். கடைசியில வாசுதேவன் சார் புத்தகத்தை மூடுனாரு.

"சேர்க்கப்படும் பொருள் அதே மாவிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை." குரலை உசத்தி பஜாருக்கே கேக்கற மாதிரி சொன்னாரு. "நான்கு சத்துகளைச் சேர்ப்பவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். நீக்கிய இருபதையும் சேர்த்த முதல் மனிதர் இவர்! வாரியத்தின் கொள்கை இவருக்குத்தான் புரிந்திருக்கிறது!"

கை தட்டுனாங்க. முதல் தரச் சான்றிதழ், அங்கயே எழுதிக் குடுத்தாரு. ஏசுபாதத்துக்குத்தான் வருத்தம், அடுப்புப் பக்கத்துல வெச்ச அரக்கு பூரா உருகி ஓடிடுச்சி.

கதை இங்க முடிஞ்சிருந்தா நான் சும்மா இருந்திருப்பேன். முடியல. சான்று வாங்குனா ரொட்டிமேல காகிதம் ஒட்டணும், 'செறிவூட்டப்பட்ட மாவினால் செய்யப்பட்டது'ன்னு. அதையும் நான்தான் அடிச்சி ஜெராக்ஸ் போட்டேன்.

மறுநாள் சாரதாம்பாள் டீச்சர் வந்தாங்க. கண்ணாடியைப் போட்டுக்கினு காகிதத்தைப் படிச்சாங்க. ரொட்டியை எடுத்த எடத்துலயே வெச்சாங்க.

"ஜெகதீசா, நீயும் ஆரம்பிச்சுட்டியா?"

"ஐயோ, அதே ரொட்டிதான் டீச்சர்!"

"செறிவூட்டினேன்னா முதல்ல எதையோ எடுத்தேன்னு அர்த்தம். எடுத்தியா, இல்லியா? நெஜத்தைச் சொல்லு."

பொய் சொல்லத் தெரியாதவன் அவன். "எடுத்தேன் டீச்சர்"னான். "ரெண்டு நிமிசம்."

டீச்சர் வெறும் பையோட கெளம்பிப் போயிட்டாங்க. அவங்க போனா அவங்க பின்னாடி டவுன்ஷிப்பே போவும். சாயங்காலம் கூடையில பாதி ரொட்டி அப்படியே இருந்துச்சி. ஒரு வாரத்துல முக்காவாசி. அடுப்பு பாட்டுக்கு எரிஞ்சிக்கினு இருக்கு, சுட்டா வாங்கத்தான் ஆளு இல்ல. சீல் வெச்சிருந்தாக்கூட ஜெகதீசன் அவ்ளோ நொந்திருக்க மாட்டான்.

நான் டீச்சர் வூட்டுக்கே போயி நடந்ததை முழுசா சொன்னேன். சிரிச்சி சிரிச்சி அவங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. அப்புறம் கண்ணைத் துடைச்சிக்கினு, "அந்தக் காகிதத்தோட மட்டும் என் வீட்டுக்குள்ள வராது"ன்னு கறாரா சொல்லிட்டாங்க.

எங்க ரெண்டு கடைக்கும் பொதுவா ஒரு சுவரு. அதுல ஒரு ஜன்னலு. காகிதம் ஒட்டுன ரொட்டி முன்னால, ஒட்டாத ரொட்டி ஜன்னல் வழியா என் கடைக்கு. ஜெகதீசனுக்கு பயம், "மாட்டிக்கினா சீலு யக்கா"ன்னான். "வாங்கறவங்க விரும்பித்தான் வாங்குனாங்கன்னு கையெழுத்து வாங்கி வெச்சிக்கலாம்"னேன். வாரியத்துப் படிவத்தை எதிர்ல வெச்சிக்கினு அப்படியே ஒண்ணு அடிச்சேன். ஒரே ஒரு மாத்தம். ஏழாவது கட்டம், 'உங்களிடமிருந்து நீக்கப்பட்டவை'. எட்டாவது கட்டம், 'உங்களுக்குச் சேர்க்கப்பட்டவை'. கொழுப்புதான், வேற இன்னா.

ஜனங்களுக்கு அது வெளையாட்டாப் போச்சி. டீச்சர், 'நீக்கப்பட்டது: வேலை. சேர்க்கப்பட்டது: பென்ஷன், பேரப்பிள்ளைகள்'னு எழுதுனாங்க. ஒரு இன்ஜினியரு, 'நீக்கப்பட்டது: தலைமுடி. சேர்க்கப்பட்டது: தொப்பை.' ரொட்டி ஆறறதுக்குள்ள தீந்துடும். அடுப்பு பழையபடி பகலு ராத்திரின்னு எரிஞ்சிது.

மாசி மாசம், ஒரு மத்தியானம். ஆட்டோலேர்ந்து ஒருத்தரு கைத்தடி ஊனிக்கினு எறங்குனாரு. வலது காலுல துணிச்செருப்பு, கட்டு. ஆளு பாதியா எளைச்சிருந்தாரு. நேரா என் கடைக்கு வந்து, அக்கம்பக்கம் பாத்துட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாரு.

"காகிதம் ஒட்டாத ரொட்டி... இங்க கெடைக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்கம்மா."

சர்க்குலர் மாதிரி பேசாததால முதல்ல எனக்கு ஆளு தெரியல. ஜன்னல்ல நின்ன ஜெகதீசனுக்குத் தெரிஞ்சிடுச்சி. என்னைப் பாத்தான்.

வாசுதேவன் சாரு. எனக்கு அந்த முப்பது நாளும் மனசுல ஓடுச்சி. அரக்கு, நூல்கண்டு, மைதா மூட்டை பக்கத்துல ஜெகதீசன் உக்காந்திருந்தது, எல்லாம். வுடுவேனா? "படிவம் ரொப்பணும் சார்"ன்னேன். "மூணு காப்பி."

ஸ்டூலுல உக்காந்து, சட்டைப் பையிலேர்ந்து பேனா எடுத்து, ஆபீசு வழக்கப்படி முத்து முத்தா எழுத ஆரம்பிச்சாரு. பேரு. அப்பா பேரு. விலாசம். அப்படியே ஏழாவது, எட்டாவது கட்டத்தையும் எழுதுனாரு. நான் தலைகீழா படிச்சேன்.

'நீக்கப்பட்டவை: வலது கால் சுண்டுவிரல், அதற்கு அடுத்த விரல்.'

'சேர்க்கப்பட்டவை: மாத்திரை, நான்கு.'

எழுதுனதை சரி பாக்கற பழக்கம் அவருக்கு. மேலருந்து ஒருதரம் படிச்சிக்கினே வந்தாரு. எட்டாவது கட்டத்துகிட்ட வந்ததும் பேனா நின்னுடுச்சி.

"ஏம்மா"ன்னாரு தலையைத் தூக்காம. "மீதிக்குக் கட்டம் இல்லியா?"

பாவமா போச்சி, பாழாப்போன மனசு. "இல்ல சார்"ன்னேன். "உங்க படிவத்தைப் பாத்துத்தான் அடிச்சேன்."

ஜெகதீசன் ஜன்னல் வழியா கையை நீட்டி அந்தப் படிவத்தை வாங்குனான். படிக்கல. அப்பதான் அடுப்புலேர்ந்து எடுத்த ரொட்டியை அந்தக் காகிதத்துலயே சுத்தி அவரு கையில குடுத்தான்.

"சூடா கீது சார். பாத்துப் புடிங்க."